மாம்பலம் கூட்ஸ் வேகனும் 12 மில்லிமீட்டரும்

நம்ம மாம்பலம் வழியா நீராவி காலத்துல போன கூட்ஸ் வேகனை மாடலா செய்யப் போறீங்களா? மொதல்ல தண்டவாளத்தைப் பாருங்க. அந்தப் பாதை மீட்டர் கேஜ், 1000 மி.மீ. 1:87 அளவுல சுருக்கினா 11.5. கடைல கிடைக்கிற 12 மி.மீ. தண்டவாளம் பரவாயில்லை. இதே அகலப் பாதை (1676) வேகன்னா 19.3 வேணும், பலரும் ஓட்டுறது 16.5-ல, அது அமெரிக்கா, ஐரோப்பா அளவு. வேகன் என்னதான் துல்லியமா இருந்தாலும் கால் ஒடுங்கித் தெரியும் :-)

அப்புறம் எழுத்து. தெற்கு ரயில்வே பிறந்ததே 1951 ஏப்ரல் 14-ல. 1940 வேகன்ல அந்தப் பேரைப் போட்டா கதை கந்தல்; தென்னிந்திய ரயில்வேன்னுதான் இருக்கணும்.

நேர்ல போய் அளக்க முடியாது. புறநகர் மீட்டர் கேஜ் ஓட்டம் 2004-லயே நின்னாச்சு. வேகனை நேர் எதிர்ல நின்னு எடுத்த பழைய போட்டோ கிடைச்சா விடாதீங்க. அதுக்கு நேர் கீழ இருக்கிற ரெண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1000 மி.மீ.; அகலம், உயரம் ரெண்டுக்கும் அதுதான் உங்க ஸ்கேல்.