பாலைவனத்துக்குப் போனால் தும்மல் நின்றுவிடுமா?

விடுமுறைக்கு அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்துக்குப் போகிறீர்களா? "பாலைவனம்தானே, அங்க மகரந்தம் எங்கிருந்து வரும்?" என்று நினைக்க வேண்டாம்.

சிங்கப்பூரில் பலருக்குத் தும்மல் வரக் காரணம் மெத்தை, தலையணையில் வாழும் தூசுப்பூச்சிகள். ஈரப்பதம் இருந்தால்தான் அவை பெருகும். வறண்ட ஊரில் அந்தத் தொல்லை குறையலாம். ஆனால் மகரந்தமும் புழுதியும் அங்கே உண்டு.

மகரந்தம் எப்படி வந்தது?

ஒரு காலத்தில் ஆஸ்துமா நோயாளிகள் வறண்ட காற்றைத் தேடி அரிஸோனாவில் குடியேறினார்கள். நகரங்கள் வளர்ந்தன. நிழலுக்காக மல்பெரி, ஆலிவ் மரங்களை நட்டார்கள். மகரந்தமும் கூடவே வந்துவிட்டது! டூசான் நகரம் இருக்கும் பீமா வட்டாரத்தில் 1980களிலேயே அந்த மரங்களின் விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது.

பாலைவனத்தின் சொந்த மரங்களும் சும்மா இல்லை. சீமைக் கருவேலத்தின் உறவான மெஸ்கீட் வசந்தத்தில் பூக்கிறது.

எப்போது போகலாம்?

- பிப்ரவரி முதல் மே வரை: காட்டுப்பூக்கள் அழகு. மரங்களின் மகரந்தமும் அதிகம்.
- ஜூன் முதல் செப்டம்பர் வரை: வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பருவமழையோடு புழுதிப் புயலும் வரும்.
- அக்டோபர்: மழைக்குப் பிறகு வளர்ந்த களைகளின் மகரந்தம் காற்றில் இருக்கும்.
- நவம்பர் இறுதி முதல் ஜனவரி தொடக்கம் வரை: பொதுவாக மகரந்தம் குறைவு. நம் பள்ளி விடுமுறையும் அப்போதுதான்.

கிளம்பும் முன்...

- எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது? மருத்துவரிடம் தோல் பரிசோதனை செய்து தெரிந்துகொள்ளுங்கள்.
- மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து முழுப் பலன் தரச் சில நாள் ஆகும். எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.
- இன்ஹேலரைக் கைப்பையில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுட்டுப் போகாதீங்க.
- காற்று பலமாக வீசும் நாளில் கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். தூங்கும் முன் தலைக்குக் குளியுங்கள்.

ஒன்றை மறக்காதீங்க. அரிஸோனா மண்ணில் இருக்கும் ஒரு வகைப் பூஞ்சையைச் சுவாசித்தால் 'வேலி' காய்ச்சல் வரலாம். அறிகுறிகள் 1 முதல் 3 வாரம் கழித்தே தெரியும். ஊர் திரும்பியபின் காய்ச்சலோ இருமலோ நீடித்தால், "அலர்ஜிதான்" என்று விட்டுவிடாமல், எங்கே போய்வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.