கரும்புத் தோட்டமும் கடற்கரை விடுதியும்

மேற்கிந்தியத் தீவுகள் என்ற பெயரை நம் காலனிச் சிறுவர்கள் கிரிக்கெட் ஆட்டத்தின் மூலமே அறிவார்கள். அவர்களுடைய தந்தையராகிய நாமும் அவ்வாறே அறிந்தோம். அதற்குமேல் அறிந்துகொள்ள வேண்டிய அவசியம் சென்ற ஆண்டுவரையில் நமக்கு நேரவில்லை.

நேர்ந்த விதத்தைக் கூறுவோம். நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றின் பிள்ளை உல்லாசப் பயணக் கப்பலொன்றில் சமையற் பணி செய்கிறான். அவன் ஜமெய்க்காத் தீவின் மாண்டிகோ பே என்னும் துறையிலிருந்து தன் தாயாருக்கு ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். வெண்மணல், சாய்ந்த தென்னைகள், பச்சையும் நீலமும் கலந்த கடல், அதனை நோக்கிய வெள்ளை மாளிகை. அத்துறையைத் தான் ஐந்து முறை அடைந்தும் படத்தில் உள்ள மணலில் ஒருமுறையும் கால் வைக்கவில்லை என்று எழுதியிருந்தான். விடுதியில் தங்குவோர் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருப்பர்; அப்பட்டை இல்லாதார்க்கு அங்கே இடமில்லையாம். அடுத்த கரைக்கு நுழைவுக் கட்டணமாம். அந்த அம்மையார் கடிதத்தை நம்மிடம் கொண்டுவந்து காட்டி, “ஏன் அண்ணா, கடலுக்குக்கூடவா பிளாட்பாரம் டிக்கட்?” என்று கேட்டார்.

இருபது ஆண்டுகளாகச் சரக்கு ரசீது எழுதிவரும் நமக்கு அவ்வினா மனத்தை விட்டு அகலவில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவர் நாம். எனினும் கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தோம். அறிந்தவற்றைச் சங்க அன்பர்கள் முன் வைக்கிறோம்.

அத்தீவுகளில் மூன்று நூற்றாண்டுக் காலம் கரும்பே அரசனாக இருந்தது. 1640-களில் பார்படோஸ் தீவில் ஆங்கிலேயர் கரும்புப் பயிரைப் பெருக்கினர். 1655-இல் ஸ்பானியரிடமிருந்து ஜமெய்க்காவைக் கைப்பற்றியபின் அங்கும் அதுவே நடந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கிவரப்பட்ட அடிமைகள் கரும்பு வெட்டினர், ஆலை ஆட்டினர், இளமையிலேயே மாண்டனர். தோட்ட முதலாளி காற்று வீசும் மேட்டில் மாளிகை கட்டிக்கொண்டான். கடலோரத்து மணல் அவனுக்குப் பயன்படவில்லை. உப்புக் காற்றில் கரும்பு செழிக்காது. சர்க்கரைப் பீப்பாய்களைப் படகில் ஏற்ற ஒரு துறை போதும். எஞ்சிய கரை மீனவர்க்கும், வலை உலர்த்துவோர்க்கும், நண்டுக்கும் விடப்பட்டது. பின்னாளில் நேர்ந்தவற்றுக்கெல்லாம் இதுவே தொடக்கமாதலால் அன்பர்கள் இதனை மனத்தில் இருத்துக.

கரையை நாடி முதலில் வந்தவர்கள் நோயாளிகள். 1751-இல் லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர் காசநோய்க்கு நல்ல காற்றைத் தேடிப் பார்படோஸுக்குக் கப்பலேறினார். துணைக்கு வந்தவர் 19 வயது நிரம்பிய அவருடைய தம்பி ஜார்ஜ். அண்ணனுக்கு நோய் தீரவில்லை; மறு ஆண்டே இறந்தார். தம்பிக்கோ அத்தீவில் அம்மை கண்டு குணமாயிற்று. அவரே பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவரானார். தம் வாழ்நாளில் அவர் மேற்கொண்ட வெளிநாட்டுப் பயணம் இஃது ஒன்றே.

அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1833-இல் இயற்றியது. 1834-இல் அது நடைமுறைக்கு வந்தும், பயிற்சிக் காலம் என்ற பெயரால் மேலும் நான்காண்டு கட்டாய உழைப்பு நீடித்து, 1838-இல்தான் முழு விடுதலை கிட்டியது. நஷ்ட ஈடாக இரண்டு கோடிப் பவுன் வழங்கப்பட்டது. யாருக்கு என்கிறீர்களா? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! உழைத்தவனுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காகப் பட்ட கடனைப் பிரிட்டிஷ் அரசு தீர்த்து முடித்தது 2015-ஆம் ஆண்டில்தான்.

விடுதலை பெற்றவர்களில் பலர் பழைய முதலாளியிடம் பழைய விதத்தில் உழைக்க மறுத்தனர். குறைந்த கூலிக்கு ஆள் தேடிய தோட்டக்காரர்கள் நம் நாட்டின் பக்கம் திரும்பினர். 1845-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் ‘பிளண்டெல்’ என்னும் கப்பல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்று ஜமெய்க்காவின் ஓல்டு ஹார்பர் விரிகுடாவில் இறக்கியது. அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் அத்தீவின் இன்றைய தலைநகரான கிங்ஸ்டனிலிருந்து ஸ்பானிஷ் டவுன் பக்கமாக முதல் இரயில் ஓடியது. பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு நம் நாட்டின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது 1853-இல் அன்றோ? நமக்கு எட்டாண்டு முன்னரே அச்சிறு தீவில் தண்டவாளம் கண்டார்கள் என்பதைப் படித்தபோது, இரயில்வே ஊழியராகிய நமக்குச் சிறிது பொறாமையே உண்டாயிற்று. சர்க்கரையும் பின்னர் வாழைக்காயும் அதன் முக்கிய சரக்குகள்.

ஆங்கிலேயரின் தீவுகளுக்குச் சென்றோரில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய வட இந்தியர். சென்னையில் ஏறியவர்களும் உண்டு. பிரெஞ்சுக்காரரின் மார்த்தினிக், குவாடலூப் தீவுகளுக்கோ புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர்கள் பெருந்திரளாகச் சென்றனர். 1854 டிசம்பரில் ‘ஒரேலி’ என்னும் கப்பல் குவாடலூப்பை அடைந்தது. 1889 வரையில் அத்தீவுக்கு மட்டும் ஏறக்குறைய 42,000 இந்தியர் அனுப்பப்பட்டனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் மாரியம்மனை வழிபடுகின்றனர். ‘கொலம்போ’ என்று அங்கு வழங்கும் மசாலைக் கறி நம் குழம்பின் வழிவந்தது என்று கூறுவோர் உளர். அத்தீவுப் பெண்டிர் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்கு ‘மதராஸ்’ என்றே பெயர். அங்கே பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பார் இந்திய வம்சத்தாருக்கும் வாக்குரிமை வேண்டுமென்று 1904 முதல் 1923 வரையில் போராடி வென்றார். கிரிக்கெட் நேயர்களுக்கு ஒரு செய்தி: மேற்கிந்திய அணிக்காகப் பந்து வீசிய கயானா நாட்டு வீராசாமி பெருமாளின் பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள். நம் ஊர்த் தெருவில் யாரையோ அழைப்பது போல இல்லையா?

இனி விடுதிகளின் கதைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சர்க்கரை விலை வீழ்ந்தது. ஐரோப்பாவில் பீட்கிழங்குச் சர்க்கரை மலிந்ததே காரணம். நலிந்த தோட்டங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திகைத்த ஜமெய்க்கா அரசு, 1891-ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்கு வரும் வெளிநாட்டாரை முன்னிட்டு, விடுதி கட்டுவோர்க்குச் சலுகை தரும் சட்டமொன்றை முந்திய ஆண்டே இயற்றியது. பாஸ்டன் நகரத்து வாழை வணிகர்களும் இதில் இறங்கினர். வாழைக்குலை ஏற்றச் செல்லும் கப்பல் வெறுமையாகச் செல்வானேன்? குளிருக்கு அஞ்சும் சீமான்களை ஏற்றிச் சென்றால் இரு வழியிலும் வருமானம். காலி வாகன்களின் நஷ்டம் அறிந்த நமக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். இரயில் பாதையும் 1894-இல் மாண்டிகோ பேயை எட்டியது.

மாண்டிகோ பேயில் ஒரு மருத்துவருக்குச் சொந்தமான சிறு கரை இருந்தது. குகை ஒன்றின் வாய்வழியே நுழைந்து அக்கரையை அடைய வேண்டுமாதலால் ‘டாக்டர் குகை’ என்ற பெயர் ஏற்பட்டது. 1906-இல் அவர் அதனைக் குளியற் சங்கம் ஒன்றுக்குக் கொடுத்தார். எலும்பு மூட்டு வைத்தியத்தில் புகழ்பெற்ற சர் ஹெர்பர்ட் பார்க்கர் என்னும் ஆங்கிலேயர் அந்நீரின் குணத்தைப் புகழ்ந்து எழுதவே, செல்வர்கள் திரண்டனர். 1932-இல் வீசிய புயல் குகையை அழித்துவிட்டது; பெயர் மட்டும் நிலைத்தது. நண்டுக்கு விடப்பட்ட மணல் இவ்வாறு விலை பெறலாயிற்று.

1947-இல் மாண்டிகோ பேயில் விமான நிலையம் திறக்கப்பட்டது. அதன்பின் வேகம் அதிகம். 1953-இல் ரவுண்டு ஹில், 1954-இல் ஹாஃப் மூன் என்று ஜமெய்க்காவிலும், 1961-இல் சாண்டி லேன் என்று பார்படோஸிலும் பெருவிடுதிகள் எழுந்தன. சாண்டி லேன் என்பது ஒரு கரும்புத் தோட்டத்தின் பெயரேயாகும். 1959-இல் கியூபாவில் புரட்சி நடந்து, அமெரிக்கர்கள் அங்கே செல்வது நின்றுபோகவே, அக்கூட்டமும் மற்றத் தீவுகளின் பக்கம் திரும்பியது. 1962-இல் வெளிவந்த முதல் ஜேம்ஸ் பாண்டு படம் ஜமெய்க்காக் கடற்கரையில் எடுக்கப்பட்டது என்பதைப் படம் பார்க்கும் இளைஞர்கள் அறிந்திருக்கலாம்.

இப்பெருமைகளுக்கிடையே நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி நம்மை மிகவும் கவர்ந்தது. கிங்ஸ்டன் நகரின் மர்ட்டில் பாங்க் விடுதியில் ஒரு நீச்சற் குளம் இருந்தது. கறுப்பர் அதில் இறங்கக்கூடாது என்று பலகை ஏதும் தேவைப்படவில்லை. எவரும் இறங்குவதில்லை, அவ்வளவுதான். 1948-இல் எவான் பிளேக் என்னும் கறுப்பினப் பத்திரிகையாளர் ஒருவர் விடுதிக்குள் சென்று அக்குளத்தில் குதித்துவிட்டார். நீந்திக்கொண்டிருந்தவர்கள் பதறிக் கரையேறினார்களாம். ஐரோப்பியருக்கு ஒன்றும் இந்தியருக்கு ஒன்றுமாக நம் இரயில்வே காலனிகளிலும் இரண்டு இன்ஸ்டிட்யூட்டுகள் இருந்த காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு, அவர் குதித்த குதிப்பின் அருமை தெரியும்.

ஜமெய்க்கா 1962 ஆகஸ்டு 6-ஆம் நாள் சுதந்திரம் பெற்றது. ஆனால் அதற்கு ஆறாண்டு முன் இயற்றப்பட்ட கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படியே நின்றது. அலை மோதும் கரையும் கடலடி நிலமும் மகுடத்துக்கு, அஃதாவது அரசுக்கு, உரியவை. உரிமம் பெற்றவர் அவற்றைப் பயன்படுத்தலாம். பொதுமக்களுக்கு அங்கே நடக்கவும் குளிக்கவும் பொதுவான உரிமை என ஒன்று இல்லை. 1956-ஆம் ஆண்டின் இச்சட்டத்தின் சாரம் இதுவே. உரிமம் பெற வல்லவர் யார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

முழுக்கட்டண முறை என்பது இச்சுவரை இன்னும் உயர்த்தியது. உணவு, பானம், விளையாட்டு அனைத்துக்கும் ஊரிலிருந்து புறப்படுமுன்னரே மொத்தமாகப் பணம் கட்டிவிடுவது இம்முறை. 1950-இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ‘கிளப் மெட்’ என்னும் பிரெஞ்சுச் சங்கம் கூடார முகாமாக இதனைத் தொடங்கியது. பின்னர் தமிழர் வழித்தோன்றல்கள் வாழும் குவாடலூப்பிலும் அதற்கு விடுதி அமைந்தது. ஜமெய்க்காவில் இம்முறையைப் பெருந்தொழிலாக வளர்த்தவர்களுள் தலையாயவர் அந்நாட்டவரேயான கார்டன் ஸ்டூவர்ட். 1981-இல் மாண்டிகோ பேயில் பழைய விடுதி ஒன்றை வாங்கி, ‘சாண்டல்ஸ்’ என்று பெயரிட்டுத் தம்பதியர்க்கென நடத்தினார். பிற தீவுகளிலும் கிளைகள் தோன்றின. ஆயிரக்கணக்கானோர்க்கு இத்தொழில் சோறு போடுகிறது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் எல்லாவற்றுக்கும் முன்பணம் கட்டிவிட்ட விருந்தாளி மதிலைத் தாண்டி ஊருக்குள் வந்து ஒரு இளநீர் வாங்குவானா? அவனுக்குப் பட்டை, ஊராருக்கு மதில்.

இரயிலின் முடிவையும் சொல்லிவிடுவோம். விமானத்தில் வந்தவனுக்கு அது வேண்டியிருக்கவில்லை. 1992-இல் ஜமெய்க்காவின் பயணிகள் இரயில் நின்றது. 2011-இல் மீண்டும் ஓடச் செய்தனர். அதிக நாள் நிலைக்கவில்லை.

அத்தீவு மக்கள் வாளாவிருக்கவில்லை. கடற்கரை தம் பிறப்புரிமை என்று கூறி 2021-இல் ஓர் இயக்கம் தொடங்கி நீதிமன்றத்தை அணுகியுள்ளனர். 1882-ஆம் ஆண்டுப் பழஞ்சட்டம் ஒன்றை அவர்கள் தேடி எடுத்திருக்கிறார்கள். ஒரு கரையைப் பொதுமக்கள் இருபது ஆண்டுகள் தடையின்றிப் பயன்படுத்தி வந்திருந்தால் அவர்களுக்கு அதில் உரிமை உண்டாகும் என்று அது கூறுகிறதாம். எனவே, இக்கரையில் எப்போது குளித்தோம், எங்கே வலை காயவைத்தோம் என்று முதியவர்களின் நினைவே சாட்சியாகிறது. கரும்பு விளையாத மணல் என்று முதலாளி கைவிட்ட காலத்தில் அங்கே நடமாடியவர்களின் பேரப்பிள்ளைகள், அந்நடமாட்டத்தையே பத்திரமாகக் காட்டி நிற்கிறார்கள்.

பார்படோஸில் நிலைமை வேறு. அங்கே எக்கரையும் பொதுக்கரை; எவ்வளவு பெரிய விடுதியாயினும் அதன் முன் உள்ள மணலில் எவரும் நடக்கலாம். அதற்கும் ஆபத்து வருவது போலத் தோன்றிய 1982-இல், ‘மைட்டி காபி’ என்னும் பாடகர் கடற்கரை நம்முடையது என்ற பொருளில் ஒரு கலிப்ஸோப் பாட்டுக் கட்டினார். அது தீவெங்கும் ஒலித்தது.

இவற்றையெல்லாம் அந்த அம்மையாருக்கு நாம் விளக்கிச் சொன்னபோது, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தப் பார்படோஸுக்கு இவன் கப்பல் போகுமா, அண்ணா?” என்று மட்டுமே கேட்டார். போகும் என்று பிள்ளையிடமிருந்து இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பிரிட்ஜ்டவுன் துறையில் நான்கு மணி நேர ஓய்வு கிடைத்ததாம். துறையிலிருந்து நடந்தே கரைக்குச் சென்றானாம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. உடன் வந்த கேரளத்துத் தோழனிடம் செருப்பையும் கைப்பேசியையும் கொடுத்துவிட்டு இறங்கினானாம். கடலையே காணாத இந்த ஊரில் வளர்ந்தவனாதலால் அவனுக்கு நீந்தத் தெரியாது. இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறான்.