ரயிலில் போய் மலையேறலாம், தண்டவாளத்தில் நடக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

சனிக்கிழமை விடிகாலை ரயிலைப் பிடித்து, ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, மலையேறிவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்புவது. பெங்களூருவிலும் மும்பையிலும் வேலை பார்க்கும் பலருக்கு இது பிடித்தமான வார இறுதித் திட்டம். கார் வேண்டாம், செலவும் கம்மி. ஆனால், ரீல்ஸில் நீங்கள் பார்த்த 'ரயில்வே டிரெக்' எல்லாமே சட்டப்படி சரியானவை அல்ல.

எது சிக்கல்?

ரயிலில் போவது அல்ல, தண்டவாளத்தையே நடைபாதையாக்குவதுதான் சிக்கல். கர்நாடகத்தின் சக்லேஷ்பூர் - சுப்ரமண்யா ரோடு மலைப்பாதையை 'கிரீன் ரூட்' என்பார்கள். சுமார் 55 கி.மீ. தூரத்தில் 57 சுரங்கங்கள். பல இடங்களில் ரயில் வந்தால் ஒதுங்கி நிற்கப் போதிய இடமில்லை. மழை இரைச்சலில் ரயில் வரும் சத்தமும் கேட்காது. ஜூலை 2024-இல் இதே பாதையில் எடகுமேரி அருகே மண் சரிந்து, ரயில் போக்குவரத்தே நின்றுபோனது.

பிடிபட்டால் என்ன ஆகும்?

ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-இன்படி அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டும். ஜூலை 2023-இல் தூத்சாகர் அருவியைப் பார்க்கத் தண்டவாளம் வழியே வந்தவர்களைத் தடுத்து நிறுத்தி, தோப்புக்கரணம் போடவைத்த வீடியோ வைரலானது நினைவிருக்கலாம். 'பெட்டிக்குள் இருந்தே அழகை ரசியுங்கள்' என்றது தென்மேற்கு ரயில்வே.

அபராதத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ரயிலிலிருந்து தவறி விழுந்து பயணி இறந்தால், பிரிவு 124ஏ-இன்படி குடும்பத்துக்கு ரூ.8 லட்சம் இழப்பீடு உண்டு. தண்டவாளத்தில் நடக்கும்போது அடிபட்டால், அது இந்தப் பிரிவுக்குள் வராது.

அப்போ எங்கே போகலாம்?

*மாகளிதுர்கா:* பெங்களூருவிலிருந்து சுமார் 60 கி.மீ. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே மலை. உயரம் 1,117 மீட்டர். இங்கே ஏற வனத்துறை அனுமதி வேண்டும். கர்நாடகத்தில் இதற்கான முன்பதிவு, அக்டோபர் 2024 முதல் 'அரண்ய விகாரா' இணையதளத்தில் நடக்கிறது. ஒரு பாதைக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 300 பேர்தான். ஸ்டேஷனில் இறங்கியபிறகு டிக்கெட் தேடாதீர்கள்.

*கார்பெட் முனை, மாத்தேரான்:* மும்பை புறநகர் ரயிலில் கர்ஜத் பக்கம் போகும் வழியில் பிவ்புரி ரோடு ஸ்டேஷனில் இறங்கி, கிராமங்கள் வழியாக ஏறலாம். திரும்பும்போது மாத்தேரான் ஊருக்குள் போய், நேரல் பக்கமாக இறங்கி ரயிலைப் பிடிக்கலாம்.

கிளம்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

• முதலில் திரும்பி வரும் ரயிலைப் பாருங்கள். சின்ன ஸ்டேஷன்களில் எக்ஸ்பிரஸ்கள் நிற்காது. பாசஞ்சரை விட்டால் அன்றைய பொழுது அங்கேதான்.

• அந்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே அடிவாரத்துக்கு வந்துவிடும்படி நேரத்தைக் கணக்கிடுங்கள்.

• முன்பதிவில்லா டிக்கெட், ரயில் எங்கே வருகிறது என்ற தகவல் இரண்டும் 'ரயில்ஒன்' செயலியில் உண்டு. மலையில் சிக்னல் போகும்; டைம்டேபிளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

• தண்டவாளத்தைக் கடக்க வேண்டியிருந்தால் நடைமேம்பாலம் அல்லது லெவல் கிராசிங் மட்டும்தான்.

• ரயில்வே உதவிக்கு 139, மற்ற அவசரங்களுக்கு 112.

வழி காட்டுகிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது பணம் கேட்டால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பாதை தண்டவாளத்து மேல போகுதா?" ஆமாம் என்றால், அந்த டிரெக் வேண்டாம்.