எங்கட ஜீன் யாருடைய சொத்து?

புலமைச்சொத்துச் சட்டம் என்றால் அது சட்டத்தரணிகளின் விடயம் என்று நாங்கள் கடந்து போய்விடுகிறோம். ஆனால் அமெரிக்காவில் ஒருகாலம் மனித ஜீன்களுக்கே, அதாவது பாடப்புத்தகத்தில் படித்த பரம்பரையலகுகளுக்கே, காப்புரிமை கொடுத்தார்கள்.

கதவு திறந்தது 1980 இல். எண்ணெயைச் சிதைக்கும்படி ஆனந்த சக்கரவர்த்தி மாற்றியமைத்த பக்டீரியாவுக்குக் காப்புரிமை உண்டு என உயர் நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் கம்பனிகள் பெருகின. 1993 இல் அவற்றின் இரண்டு சங்கங்கள் ஒன்றாகி, உயிர்த்தொழில்நுட்பக் கைத்தொழில் அமைப்பு உருவானது.

மார்பக, சூலகப் புற்றுநோய் ஆபத்தைக் காட்டும் பிஆர்சிஏ 1, 2 ஆகிய ஜீன்களின் காப்புரிமை மிரியட் ஜெனடிக்ஸ் கம்பனியின் கையில் இருந்தது. முழுப் பரிசோதனைக்கு 3000 டொலருக்கு மேல். வேறு ஆய்வுகூடத்தில் இன்னொருமுறை சரிபார்ப்போம் என்றால், அதற்கும் வழியில்லை.

2009 இல் மூலக்கூற்று நோயியல் சங்கமும் வேறு விஞ்ஞானச் சங்கங்களும், ஆய்வாளர்களும், நோயாளிகளும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். காப்புரிமை இல்லாவிட்டால் யார் முதலிடுவார் என்று கைத்தொழில் தரப்பு கேட்டது. இயற்கையில் இருப்பதைப் பிரித்தெடுத்தால் அது கண்டுபிடிப்பாகிவிடுமா என்று விஞ்ஞானிகள் திருப்பிக் கேட்டார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான்.

ஆனால் 2011 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், வழக்காடும் தகுதி இவர்களில் ஒரேயொரு ஆய்வாளருக்குத்தான் உண்டு என்றது. சங்கங்களுக்கும் இல்லை, நோயாளிகளுக்கும் இல்லை. அந்த ஒருவரும் இல்லாவிட்டால் வழக்கே அங்கு முடிந்திருக்கும்!

2013 ஜூன் 13 இல் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்துச் சொன்னது: இயற்கையான டிஎன்ஏயைப் பிரித்தெடுத்ததற்காகக் காப்புரிமை இல்லை, ஆய்வுகூடத்தில் செய்யப்படும் சிடிஎன்ஏவுக்கு உண்டு. கைத்தொழில் தரப்பும் வெறுங்கையோடு போகவில்லை. அன்றே வேறு ஆய்வுகூடங்கள் தாங்களும் பரிசோதனை செய்வோம் என அறிவித்தன.

இத்தோடு முடிந்ததா? இல்லை. எதற்குக் காப்புரிமை கொடுக்கலாம் என்ற சட்டப்பிரிவை மாற்றும் சட்டமூலம் 2023 இல் செனட் சபைக்கு வந்தது. இப்படியான சட்டங்கள் எழுதப்படும்போது கம்பனிகளுக்காகப் பேச அவர்களின் சங்கம் கட்டாயம் இருக்கும். நோயாளிக்காக யார் பேசுவார் என்பதையும் நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.