ஐந்தாம்படை

உள்ளே இருந்துகொண்டே எதிரிக்கு உதவுபவர்களைக் குறிக்கும் இச்சொல், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிறந்தது. 1936இல் குடியரசுக்கு எதிரான கிளர்ச்சிப் படைகள் நான்கு அணிகளாக மாட்ரிட் நகரை நோக்கி முன்னேறின. நகருக்குள் மறைந்திருக்கும் ஆதரவாளர்களே தங்களின் ஐந்தாவது அணி என்று கிளர்ச்சித் தளபதி எமிலியோ மோலா சொன்னதாகக் கூறுவர்.

'கின்டா கொலும்னா' என்பது ஸ்பானியத் தொடர். கொலும்னா என்றால் நீள வரிசையாக நகரும் துருப்புப் பிரிவு. தமிழில் அது 'படை' ஆயிற்று. தேர், யானை, குதிரை, காலாள் என்று நாற்படையை எண்ணிப் பழகிய மொழிக்கு ஐந்தாவது ஒன்று அந்நியமாகவே தோன்றவில்லை.

இந்தச் சொல் விதைத்த அச்சம் கொடியது. நகரம் விழுந்தால் எதிரியோடு சேர்ந்துவிடுவார்கள் என்று, அந்த நவம்பரில் குடியரசுத் தரப்பினர் மாட்ரிட் சிறைகளிலிருந்து கைதிகளை அருகிலுள்ள பராகுயெல்யோஸ் ஊருக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். மாண்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல், விசாரணை ஏதுமில்லை. இதை விட்டுவிட்டு இச்சொல்லுக்குப் பொருள் எழுதுவது நியாயமாகாது.

மோலா 1937 ஜூனில் விமான விபத்தில் இறந்தார். மாட்ரிட் 1939 மார்ச்சில்தான் வீழ்ந்தது.