நெடுங்காலம் நிறுத்தப்பட்ட பழைய திறந்த தானுந்து

பழைய திறந்த தானுந்து என்பது நிலையான கூரைக்கு மாற்றாக மடிக்கத்தக்க துணிக்கூரை கொண்டு, பல பத்தாண்டுகளுக்கு முன் உருவாக்கப்பட்ட மகிழுந்து ஆகும். இவ்வகை வண்டிகள் பல, ஓட்டமின்றிக் கொட்டகைகளிலும் பழைய வீடுகளின் பின்கட்டுகளிலும் ஆண்டுக்கணக்கில் நிறுத்தப்பட்ட பின்னரே விற்பனைக்கு வருகின்றன. அத்தகைய வண்டி ஒன்றை முதன்முறையாக வாங்குவோர் ஆராய வேண்டிய உடலமைப்பு, பொறியின் நிலை, உரிமை ஆவணங்கள் ஆகியவை புதுக்கோட்டை மாவட்டச் சூழலை முன்வைத்து இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

வகைகளும் வரையறைகளும்

தொடக்ககாலத் தானுந்துகள் பெரும்பாலும் திறந்தவையே. மூடிய உடலம் செலவு மிக்கது. 1920களின் நடுப்பகுதிக்குப் பின்னரே அது பெருவழக்காயிற்று. இருவர் அமரும் திறந்த வண்டி ரோட்ஸ்டர் எனவும், நால்வர் அல்லது ஐவர் அமர்வது டூரர் எனவும் அழைக்கப்பட்டன. இவற்றின் கதவுகளில் ஏற்றி இறக்கும் கண்ணாடி இராது. மழை வந்தால் பக்கத் திரைகளை மாட்டிக்கொள்ள வேண்டும். ஏற்றி இறக்கும் கண்ணாடியும் மடிக்கும் கூரையும் ஒருங்கே அமைந்தது கன்வர்ட்டிபிள் ஆகும். துணிக்கூரையைத் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஹூட் என்றே கூறுவர்.

எந்த வண்டி "பழைய" வண்டி என்பதற்கு ஒரே வரையறை இல்லை. பன்னாட்டுப் பழந்தானுந்துக் கூட்டமைப்பான ஃபீவா, 30 ஆண்டு கடந்த வண்டிகளை ஏற்று, அவற்றுள் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவற்றை மட்டும் வின்டேஜ் என்கிறது. இந்தியக் காப்புறுதித் துறையின் 2002ஆம் ஆண்டுக் கட்டண விதிகளில் 1940 இறுதிக்கு முற்பட்டவை வின்டேஜ் எனவும், அதற்குப் பின் 1970 இறுதி வரையிலானவை கிளாசிக் எனவும் பிரிக்கப்பட்டன. நடுவண் அரசின் 2021 சூலை மாத மோட்டார் வாகன விதித் திருத்தமோ, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை வின்டேஜ் என்கிறது. விற்பவர் "வின்டேஜ் வண்டி" என்று கூறும்போது இம்மூன்றில் எதைக் கருதுகிறார் என்று கேட்டறிதல் நன்று. பெரும்பாலும் எதையும் கருதியிருக்க மாட்டார்.

புதுக்கோட்டைப் பகுதியில்

புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் தனிச் சமத்தானமாக இருந்து, 1948 மார்ச்சு 3 அன்று இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. பின்னர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1974 சனவரி 14 அன்று தனி மாவட்டமானது. மாவட்டத்தின் தெற்கு, மேற்குப் பகுதிகளான திருமயம், பொன்னமராவதி வட்டாரங்கள் செட்டிநாட்டைச் சார்ந்தவை. இராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, குழிபிறை, நச்சாந்துபட்டி போன்ற ஊர்களின் நகரத்தார், பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் கொண்டுவிற்றுப் பொருளீட்டி, ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் பெருவீடுகளைக் கட்டினர். வெளிநாட்டு வண்டி வாங்கும் வசதி படைத்திருந்த குடும்பங்கள் இவை. 1942இல் பர்மா சப்பானியர் கைப்பட்டபின் அங்கிருந்த வணிகம் முறிந்தது, குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன, வீடுகள் பூட்டப்பட்டன. பூட்டிய வீட்டுடன் வண்டியும் நின்றுபோவது இயல்பே.

1949இல் முழுமையாகக் கட்டப்பட்ட வண்டிகளின் இறக்குமதியை இந்திய அரசு தடுத்தது. பாகங்களைக் கொணர்ந்து பூட்டிவந்த செனரல் மோட்டார்சு, ஃபோர்டு நிறுவனங்களும் 1950களின் நடுப்பகுதிக்குள் விலகின. உள்நாட்டில் உருவான அம்பாசடர், ஃபியட் ஆகியவை கூரை மூடிய வண்டிகள். எனவே இந்நாட்டில் கிடைக்கும் திறந்த வண்டி, ஒன்று 1950க்கு முற்பட்ட இறக்குமதியாக இருக்கும். அல்லது சீப்பாக இருக்கும். அல்லது பின்னாளில் யாரோ கூரையைக் கழற்றியதாக இருக்கும். மூன்றாவது வகையே வாங்குவோரை மிகுதியும் ஏமாற்றுவது.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் கழற்றிய கூரையும்

1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், சென்னையை அடுத்த வண்டலூர்-பெருங்களத்தூர்ப் பகுதியில் இருந்த தன் ஆலையில் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டை உருவாக்கியது. இத்தாலிய வடிவமைப்பாளர் சியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த ஆங்கிலேய டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. 948 கன செ.மீ. பொறி கொண்டது. இங்கிலாந்தில் இதன் திறந்த வகை 1960 முதல் 1971 வரை விற்கப்பட்டது. சென்னையில் உருவானவற்றுள் பெரும்பான்மையானவை கூரையுடையவை.

ஹெரால்டின் அமைப்பு சற்று விந்தையானது. அக்காலத்துச் சிறு வண்டிகள் பலவும் உடலமே சட்டமாக அமைந்த ஒற்றைக்கூட்டு முறைக்கு மாறிவிட்ட நிலையில், இது தனியான அடிச்சட்டத்தின் மீது துண்டு துண்டாக முடுக்கப்பட்ட உடலத்தைக் கொண்டிருந்தது. கூரையும் திருகாணிகளால் பிணைக்கப்பட்டதே. ஒரு பிற்பகலில் இருவர் கூடி அதைக் கழற்றிவிடலாம். வண்டியும் மடிந்து விழாது. ஆகவே, கூரையுடன் பிறந்த ஹெரால்டுகள் பின்னாளில் "கன்வர்ட்டிபிள்" ஆக்கப்படுவது உண்டு.

இவ்வாறு மாற்றப்பட்டதை அடையாளம் காண, ஹூட்டை முழுவதும் ஏற்றிக்காட்டச் சொல்ல வேண்டும். உண்மையான திறந்த வண்டியில் முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பில் ஹூட் பூட்டுகள் இருக்கும். மடிப்புக் கம்பிகள் பின்னிருக்கைக்குப் பின்னால் தமக்குரிய இடத்தில் அடங்கும். கதவுக் கண்ணாடி மேலேறித் துணியின் விளிம்பில் பொருந்தும். கூரை கழற்றப்பட்ட வண்டியில் இவற்றுள் ஏதேனும் ஒன்று தையற்கடை வேலையாகவோ வெல்டிங் வேலையாகவோ தெரியும். அடுத்து, பதிவுச் சான்றிதழில் உடல்வகை என்னும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கு சலூன் என்றிருந்து, கண்முன் திறந்த வண்டி நின்றால், சிக்கல் அழகியல் சார்ந்ததன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் கேரள வழக்கொன்றில் இதை உறுதிசெய்தது.

உடலமும் அடிச்சட்டமும்

திறந்த வண்டியை வாங்குகையில் பொறியைவிட உடலத்திற்கே முதலிடம் தர வேண்டும். ஓடாத பொறியைச் சீர்செய்ய லேத்துப் பட்டறைகள் உள்ளன. துருவேறிய உடலத்தை மீட்க, பொறுமையும் கைத்திறனும் மிக்க டிங்கர் ஒருவரின் பல மாத உழைப்பு வேண்டும், அத்தகையோர் அருகிவருகின்றனர்.

மூடிய வண்டியில் கூரையும் உடலத்தின் விறைப்பைத் தாங்குகிறது. கூரையற்ற வண்டியில் அச்சுமை முழுதும் தரைப்பகுதிக்கும், கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டத்திற்கும் வந்துவிடும். மாரிசு மைனரின் திறந்த வகை போன்ற ஒற்றைக்கூட்டு வண்டிகளில் இச்சட்டம் துருத்துவிட்டால் வண்டி நடுவில் தொய்யும். கதவின் மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தாலே இது புலப்படும். ஒரு பக்கத்தைச் சாக்கியால் தூக்கிய நிலையில் கதவு முன்போலத் திறந்து மூடுகிறதா என்பதும் நல்ல சோதனை. ஹெரால்டில் பக்கச் சட்டம் சுமை தாங்குவதன்று; அங்கு அடிச்சட்டத்திலிருந்து இருபுறமும் நீளும் கைகளே முதலில் அரிக்கும். ஆகையால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் ஹெரால்டு வாங்கலாகாது.

1930களின் வண்டிகள் பலவற்றில் தகட்டுக்குள் மரச்சட்டம் உண்டு. மண்தரைக் கொட்டகையில் நின்ற வண்டிக்குத் துருவைவிடக் கறையான் கொடியது. வெளியே வண்ணம் மின்ன, உள்ளே மரம் மாவாகியிருக்கும். கதவைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால், கீல் பற்றியிருக்கும் மரம் உள்ளதா என்பது கைக்குத் தெரியும். சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் ஓட்டினால், பட்டி பூசி மறைத்த இடங்களில் அது ஒட்டாது. அலுமினியத் தகட்டிலும் ஒட்டாது என்பதை நினைவிற் கொள்க.

நின்ற இடமும் முக்கியம். மாவட்டத்தின் உட்பகுதி வறண்டது. ஓட்டுக் கூரையின் கீழ், சிமெண்டுத் தரையில் நின்ற வண்டி வியக்கத்தக்க நிலையில் கிடைக்கக்கூடும். கோட்டைப்பட்டினம், மீமிசல், மணமேல்குடி எனக் கடற்கரை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்று அந்த நன்மையை இல்லாமற் செய்துவிடும். 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கசா புயல் இம்மாவட்டத்தில் மரங்களையும் ஓட்டுக்கூரைகளையும் பெருமளவில் சாய்த்தது. அதன்பின் அக்கொட்டகைக்குக் கூரை எப்போது மீண்டும் போடப்பட்டது என்று வீட்டாரிடம் கேட்பது பயனுள்ள கேள்வி. ஓரிரு வடகிழக்குப் பருவமழைகளை வெட்டவெளியில் கழித்த திறந்த வண்டியில் தரைத்தகடு எஞ்சியிருப்பது அரிது.

பொறியும் பிற பாகங்களும்

பல ஆண்டுகள் நின்ற பொறியை விற்பவரின் முன்னிலையில் உடனே முடுக்கிப் பார்க்க விரும்புவது இயல்பு. அது தவறு. உருளைச் சுவரில் எண்ணெய்ப்படலம் வற்றி, பிஸ்டன் வளையங்கள் துருவால் ஒட்டியிருக்கலாம். வலிந்து சுழற்றினால் வளையம் முறியும். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, ஒவ்வோர் உருளையிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, பின்னர் கையால் சுழற்ற வேண்டும். சுழன்றால் பொறி பிழைத்தது எனக் கொள்ளலாம். சுழலாவிடில் பொறியைப் பிரிக்கும் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

பழைய பெட்ரோல் பிசின்போல் இறுகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும்; தொட்டியை இறக்கிக் கழுவாமல் புதிய எரிபொருள் ஊற்றலாகாது. இந்தியாவில் 2025 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டதால், அக்காலத்து இரப்பர்க் குழாய்களையும் உதரவிதானங்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுதல் இன்றியமையாதது. இற்றுப்போன குழாயில் கசியும் பெட்ரோல் சூடான பொறிமேல் சொட்டுவதே பழைய வண்டிகள் தீப்பற்றுவதற்கு ஒரு காரணம்.

பிரேக் நீர்மம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஆண்டுகள் செல்லச் சக்கர உருளைகள் உட்புறம் அரித்து இறுகிவிடும். மிதித்தால் பிடிக்கிறது என்பதைக் கொண்டு நம்புதல் கூடாது. டயர்களில் பட்டை தேயாமல் இருந்தாலும், பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் அவை கழிக்கத்தக்கவையே. 2000க்குப் பிறகு செய்யப்பட்ட டயர்களில் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 3112 என்பது 2012ஆம் ஆண்டின் 31ஆவது வாரம்.

1960களின் பிற்பகுதி வரையிலான ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே உடலத்துடன் இணைக்கப்பட்டிருக்கும். இக்கால வழக்கப்படி எதிர்முனையை இணைத்தால் மின்னாக்கி முதலியன கெடும். புதிய மின்கலம் கொண்டு செல்வோர் முதலில் வண்டியின் பழைய இணைப்பைப் பார்க்கவும். எலி கடித்த கம்பிகளுக்கு ஒட்டுப்போடுவதைவிட, முழுக் கம்பித்தொகுதியையும் மாற்றுவதே பாதுகாப்பு.

உரிமையும் ஆவணங்களும்

புதுக்கோட்டை மாவட்ட வண்டிகளில் பெரும் இடர்ப்பாடு இங்கேதான் எழுகிறது. பதிவுச் சான்றிதழில் பெயருள்ளவர் காலமாகிப் பல ஆண்டு ஆகியிருக்கும். பெருவீடு பல பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கும். சாவி ஒருவரிடம் இருக்கும். சாவி வைத்திருப்பவர் உரிமையாளர் ஆகமாட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது இறந்தவரின் தாய், மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோர் முதல்நிலை வாரிசுகள். வெளிநாட்டில் வாழும் மகளின் ஒப்பம் இன்றி முடிந்த விற்பனை, வண்டி பொலிவு பெற்று மதிப்பு உயர்ந்தபின் வழக்காகக் கூடும். வாரிசுச் சான்றிதழும் அனைவரின் ஒப்புதலும் பெற்ற பின்னரே முன்பணம் தருதல் முறை.

வாரிசு முதலில் படிவம் 31 வழியாகத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பின்னர் படிவம் 29, 30 வழியாக வாங்குபவருக்கு மாற்ற வேண்டும். இவ்விரு படிகளில் முதலாவதைத் தாண்டிச் செல்ல இடைத்தரகர் கூறும் குறுக்கு வழிகள் பின்னாளில் வாங்கியவரையே சுடும். பழைய பதிவேடுகள் பல கணினியில் ஏற்றப்படாதவை. அவ்வாறாயின் மூலச் சான்றிதழுடன் உரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகிப் பதிவேற்றக் கோர வேண்டும். புதுக்கோட்டையின் குறியீடு டிஎன் 55. அடிச்சட்ட எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து, சான்றிதழில் உள்ள எண்ணுடன் ஒப்பிடுவதை வாங்குபவர் தாமே செய்ய வேண்டும். எந்த ஆவணமும் இல்லாத வண்டி வரவேற்பறைக் காட்சிப்பொருள் மட்டுமே. அந்த விலைக்கு மேல் அதற்குத் தரத் தேவையில்லை.

பதிவைப் புதுப்பிப்பதற்கு இருவழிகள் உண்டு. தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதிச் சோதனைக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கப்படும். இவ்வழியில் வண்டியை அன்றாடம் ஓட்டலாம். மற்றொன்று 2021 விதிகளின்படி வின்டேஜ் பதிவு. புதிய பதிவுக்கு 20,000 உரூபாயும், மறுபதிவுக்கு 5,000 உரூபாயும் கட்டணம்; 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்பது இதன் கவர்ச்சி. ஆயின் கண்காட்சி, பழந்தானுந்துப் பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அடிச்சட்டத்திலோ உடலத்திலோ பொறியிலோ பெருமாற்றம் செய்யப்பட்ட வண்டி இதற்குத் தகுதி பெறாது. எனவே கூரை கழற்றிய ஹெரால்டு 50 ஆண்டு கடந்திருந்தாலும் இவ்வழி அதற்கு அடைபட்டது. மூலக் கூரை கொட்டகை மூலையில் கிடந்தால் அதையும் சேர்த்து வாங்கி மீண்டும் பூட்டுவதே அறிவுடைமை.

வாங்கியபின்

பதிவும் காப்புறுதியும் காலாவதியான வண்டியை ஓட்டியோ கயிறு கட்டி இழுத்தோ கொண்டுவராமல், தட்டையான மேடையுள்ள மீட்பு ஊர்தியில் ஏற்றிவர வேண்டும். ஏற்றும் முன் எல்லாப் பக்கங்களிலும் ஒளிப்படம் எடுத்துவைத்தல் நன்று. பிரித்தபின் எந்தத் திருகாணி எங்கிருந்தது என்பதற்கு அவையே சான்று. கொட்டகைத் தரையைக் கூட்டிச் சல்லடையிட்டுப் பார்ப்பதும் வீணாகாது: விளக்கு வளையம், கதவுப்பிடி, ஹூட் கொளுவி போன்ற சிறு பாகங்களே பின்னர் கிடைத்தற்கரியவை. ஹெரால்டின் இயந்திரப் பாகங்களைச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடலாம். பிரித்தானியாவில் பல பாகங்கள் புதிதாகவும் செய்யப்படுகின்றன. ஹூட் துணியை வெட்டுமுன், கிழிந்த பழைய துணியை எறியாமல் தையற்காரரிடம் அளவுக்குக் கொடுக்க வேண்டும். மூல வண்டிகளை நேரிற் கண்டு ஒப்பிட விரும்புவோர் கோயம்புத்தூரில் 2015இல் திறக்கப்பட்ட சீடி தானுந்து அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம்.