மூட்டை காத்திருந்த நேரம்

கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீட்டைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். திண்ணையைப் பார்க்கிறார்கள், உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள், கேம்பிரிட்ஜைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறார்கள். எனக்கு அந்த வீட்டைத் தாண்டும்போது கேம்பிரிட்ஜ் ஞாபகம் வருவதில்லை. சென்னைத் துறைமுகம்தான் ஞாபகம் வரும். 1912 மார்ச் 1ஆம் தேதி அந்த மனிதர் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சென்னை போர்ட் டிரஸ்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கணக்குப் பிரிவில் வேலை. அடுத்த வருஷம் மே மாதம் சர்வகலாசாலை அவருக்கு 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுக்கும் வரையில் அங்கேதான் இருந்தார். காகிதத்துக்குக் காசில்லாமல், சரக்கு கட்டி வந்த தாள்களைத் தேடிக்கொண்டு துறைமுகத்தில் அலைவார் என்று சொல்வார்கள்.

அந்தத் தாள்களில் அவர் போட்ட கணக்கு நமக்கு எட்டாது. அவருக்குச் சம்பளம் கொடுத்தார்களே, அந்தக் கணக்கைப் பற்றித்தான் நான் இங்கே பேசப்போகிறேன். ஒரு துறைமுகம் சுறுசுறுப்பாக வேலை செய்கிறதா, ஒரு ரயில் பாதை உருப்படியாக ஓடுகிறதா என்பதை எப்படி அளப்பது? கடிகாரத்தை எங்கே ஓடவிட்டு எங்கே நிறுத்துவது?

இந்தக் கேள்வியை என் தலையில் ஏற்றியவர் எங்கள் ஊர் நெல் மண்டி ஒன்றின் கணக்குப்பிள்ளை. எனக்கு அப்போது சின்ன வயசு. கூட்ஸ் வண்டி எவ்வளவு வேகமாகப் போகும் என்று அவரிடம் கேட்டேன். "வண்டி ஓடற நேரத்தை ஏன் தம்பி கேக்குறே? வண்டி ஓடும், ஓடாம என்ன பண்ணும்? மூட்டை உக்காந்திருக்கிற நேரத்தைக் கேளு" என்றார். "அதை யாரு ஐயா எழுதி வைக்கிறாங்க?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பேனாவைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ராமானுஜன் வேலைக்குச் சேர்ந்தபோது சென்னைத் துறைமுகம் அப்போதுதான் கொஞ்சம் மனுஷத்தனமாக ஆகியிருந்தது. அதற்கு முன் இரண்டரை நூற்றாண்டு அது ஒரு துறைமுகமே இல்லை, வெறும் கடற்கரை. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை வாங்கி வரும். ஆணி அடித்த படகென்றால் அலை அறைவதில் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். 1870களில் இரண்டு கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டி ஒரு துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 நவம்பர்ப் புயல் அதைச் சிதைத்தது. மறுபடி கட்டினார்கள். ஆனால் வாசலைக் கிழக்கே வைத்துவிட்டார்கள். அலை நேரே உள்ளே வந்து கப்பல்களை ஆட்டியது. பெயர்தான் துறைமுகம், உள்ளே போன கப்பலுக்கும் நிம்மதி இல்லை. 1904இல் தலைவராக வந்த சர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் என்ற ரயில்வே எஞ்சினீயர்தான் கிழக்கு வாசலை அடைத்து, வடகிழக்கில் வேறு வாசல் திறந்தார். ராமானுஜனுக்கு ஆதரவாகக் கடிதம் எழுதியவரும் இவரே. சுவர் கட்டுவதைவிட வாசல் எந்தப் பக்கம் என்பது முக்கியம் என்று தெரிந்துகொள்ள அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஆனால் இந்தக் கதையின் உண்மையான அத்தியாயம் அதற்கும் முந்தியது. 1876இல் மழை பொய்த்து, தாது வருஷப் பஞ்சம் வந்தது. சென்னை ராஜதானியின் உள்நாட்டு ஜில்லாக்களில் ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். அந்த நேரத்தில் சென்னைக் கடற்கரைக்கு அரிசி வரவில்லையா? வந்தது. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்தது. 1877ஆம் வருஷத் தொடக்கத்தில் கடற்கரை மணலில் மூட்டைகள் மலை மலையாகக் கிடந்த படத்தை லண்டன் பத்திரிகை ஒன்று போட்டிருக்கிறது. அன்றைக்கு இருந்த கடற்கரையை வைத்துக்கொண்டு படகுக்காரர்களும் கூலிகளும் செய்தது சாதனை என்றுதான் சொல்லவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை இறங்கிற்று என்று கணக்கெடுத்தால் அந்தக் 'துறைமுகம்' முதல் மார்க் வாங்கியிருக்கும்.

மூட்டைக்கு அடுத்த அடி ரயில். ரயில் ஒற்றைப் பாதை. வண்டிகள் போதவில்லை, எஞ்சின்கள் போதவில்லை. இறங்கிய வேகத்தில் பாதி வேகத்துக்குக்கூட ஏற்ற முடியவில்லை. ரயிலடியில் இறங்கிய பிறகு கிராமத்துக்குப் போக மாட்டுவண்டி வேண்டும். பஞ்சத்தில் மாடுகள் முன்னாலேயே செத்துவிட்டன. ஆகக் கடற்கரையில் அரிசி, நானூறு ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பட்டினி, நடுவில் போலீஸ் காவல். படகுக்காரன் தன் வேலையைச் செய்தான், எஞ்சின் டிரைவரும் தன் வேலையைச் செய்தான். யாரைக் குற்றம் சொல்வது?

அதே வருஷம் அரசாங்கம் இன்னொன்றையும் அளந்தது. சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, பஞ்ச நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று நிர்ணயித்தார். சென்னை சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் என்ற டாக்டர் அதை எதிர்த்துப் போராடினார். சில மாதம் கழித்துத்தான் அளவு கூட்டப்பட்டது. தராசில் பிசகே இல்லை. ஒரு ராத்தல் என்றால் துல்லியமாக ஒரு ராத்தல்தான்.

நமது கும்பகோணத்துக்கு ரயில் வந்ததும் அந்த 1877இல்தான். தஞ்சாவூரிலிருந்து மாயவரம் போகும் பாதை திறக்கப்பட்டது. ஆற்றுப் பாய்ச்சல் இருந்ததால் தஞ்சை ஜில்லா மற்ற ஜில்லாக்களைப் போல் மடியவில்லை. நெல் வைத்திருந்த மிராசுதார்களுக்கும் மண்டிக்காரர்களுக்கும் விலை ஏறியது. வாங்கித் தின்கிறவனுக்கும் அதே விலைதான் ஏறியது. ரயில் வந்தால் பஞ்சம் போய்விடும் என்று சொன்னவர்களுக்கு ரயில் நெல்லை மட்டுமல்ல, விலையையும் ஏற்றிக்கொண்டு வரும் என்பது அப்போது விளங்கியிருக்க வேண்டும்.

கும்பகோணத்துக்கு 16 வருஷம் முன்னாலேயே நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்துவிட்டது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1861இல் நாகையிலிருந்து தஞ்சாவூருக்கும், அடுத்த வருஷம் திருச்சிக்கும் அகலப் பாதை போட்டது. தலைமையகமும் நாகைதான். துறைமுகத்திலிருந்து ரயில் உள்நாட்டுக்குப் போகவேண்டும் என்பது அன்றைய யோசனை, நல்ல யோசனைதான். லண்டன் பங்குதாரர்களுக்கு நூற்றுக்கு 5 வட்டி கிடைக்கும் என்று அரசாங்கம் ஜாமீன் கொடுத்திருந்தது. ரயில் லாபத்தில் ஓடாவிட்டால் வரிப்பணத்திலிருந்து ஈடு. மிச்சம் பிடிக்கவேண்டும் என்ற அக்கறை யாருக்கு வரும்? 1874இல் இந்தக் கம்பெனி தென்னிந்திய ரயில்வேயில் கலந்தது. போட்ட அகலப் பாதையைச் சீக்கிரமே பிடுங்கி மீட்டர் பாதை ஆக்கினார்கள். அதை மறுபடி பிடுங்கி அகலப் பாதை ஆக்க இந்த நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. ஒரே தடத்தில் மூன்று பாதை போட்டிருக்கிறோம், ஒவ்வொரு தடவையும் சிக்கனத்தின் பெயரால்.

நாகையில் கப்பல் கரைக்கு வருவதில்லை. தள்ளி நிற்கும், தோணியில்தான் ஏறி இறங்கவேண்டும். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ரஜூலா கப்பலில் ஏறியவர்களுடைய பேரன் பேத்திகளைத் தஞ்சை ஜில்லாவில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். கப்பல் நாகைக்கு வந்தால் சட்டுப்புட்டென்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும் என்று பெருமையாகச் சொல்வார்கள். எப்படி முடிந்தது? மலாயாத் தோட்டங்களுக்குப் போகிற கூலி ஜனங்களை நாகையில் ஒரு முகாமில் முன்கூட்டியே கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். டாக்டர் பரிசோதனை, அம்மைக் குத்தல், பெயர்ப்பதிவு எல்லாம் அங்கே நடக்கும். பிறகு கப்பலுக்காகக் காத்திருப்பு. கைக்குழந்தையோடு ஒருத்தி அங்கே எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாள் என்பது கப்பலின் கணக்கில் சேராது. கப்பல் காத்திருந்தால் கம்பெனிக்கு நஷ்டம்; ஆள் காத்திருந்தால் சோற்றுச் செலவு மட்டும். ஆகையால் கப்பல் காத்திருக்கவில்லை. 1910இல் மலாயா ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்த பிறகும் கங்காணி மூலமாக இந்தப் போக்குவரத்து நடந்தது; 1938இல் இந்திய அரசாங்கம் உடலுழைப்புக் கூலிகள் போவதைத் தடுக்கும் வரையில் நின்றபாடில்லை.

கணக்குப்பிள்ளையின் பேச்சு எனக்குப் புரிய ஆரம்பித்தது நாகைக் கடற்கரையில்தான். ஓர் இடத்தின் சுறுசுறுப்பு பல சமயம் இன்னோர் இடத்தின் காத்திருப்பினால் செய்யப்பட்டது.

கும்பகோணத்தின் பங்கு 1929இல் வந்தது. அதுவரை சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்கள் கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டுதான் போனார்கள். ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அந்த வருஷம் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகக் குறுக்குப் பாதை திறந்தார்கள். தூரம் சுமார் 60 கிலோமீட்டர் குறைந்தது. நேரத்தில் மிச்சம், கரியில் மிச்சம். எந்த எஞ்சினீயரைக் கேட்டாலும் சரியான காரியம் என்றுதான் சொல்வார், நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் 'மெயின் லைன்' என்ற பெயரை மட்டும் நம்மிடம் விட்டுவிட்டு, மெயினான வண்டிகள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போய்விட்டன. இன்றைக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் மெயின் லைன் என்று சொல்லும்போது குரலில் ஒரு பழைய ஜமீன்தார் தொனி இருக்கும். சென்னையையும் திருச்சியையும் இரண்டு புள்ளிகளாக வைத்து அளந்தால் குறுக்குப் பாதைதான் சிறந்தது. இரண்டு புள்ளிக்கும் நடுவில் இருந்தவர்களை யாரும் அளக்கச் சொல்லவில்லை.

அதே சமயத்தில் நாகையின் ரயில்வே பட்டறையும் திருச்சிப் பொன்மலைக்குப் போயிற்று. அதையொட்டி ஆட்குறைப்பு என்ற பேச்சு வந்து, 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்காரவேலர் முதலியோர் சிறை சென்றது அப்போதுதான். நாகையில் நான் பேசிப்பார்த்த குடும்பங்களில், ஊர் இறங்கிப்போனதைப் பட்டறை போன நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள்.

இப்போது அளக்கும் வித்தை வளர்ந்துவிட்டது. உலக வங்கி 2007 முதல் தேசங்களின் சரக்குப் போக்குவரத்துத் திறமைக்குப் பட்டியல் போடுகிறது. 2023இல் 139 தேசங்களில் நமக்கு 38ஆவது இடம். 2021 முதல் கன்டெய்னர் துறைமுகங்களுக்கும் தனிப் பட்டியல். அதில் கடிகாரம் எப்படி ஓடுகிறதென்றால், கப்பல் துறைமுக எல்லைக்குள் வந்த நிமிஷத்தில் ஆரம்பிக்கிறது, வேலை முடிந்து கப்பல் மேடையை விட்டு நகர்ந்தவுடன் நின்றுவிடுகிறது. நான் குறை சொல்லவில்லை. எங்கேயாவது ஆரம்பித்து எங்கேயாவது நிறுத்தித்தானே ஆகவேண்டும்? கப்பல்காரனுக்கு வேண்டிய அளவு இது. 1877இல் இந்தக் கடிகாரத்தைக் கடற்கரையில் வைத்திருந்தால் என்ன காட்டியிருக்கும் என்பதை மட்டும் யோசித்துப் பார்க்கிறேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எஞ்சினை முன்னும் பின்னும் மாற்றி வண்டியைக் கிளப்பும் வரையில் கேட் மூடியிருக்கும். கூட்ஸ் வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியதாகப் புத்தகத்தில் ஏறும். இரண்டு பக்கமும் நின்ற பஸ்களும், பஸ்ஸுக்குள் பிரசவ வலியோடு உட்கார்ந்திருந்தவளும் வேறு புத்தகம்.

போன குறுவை அறுவடையின்போது ஊருக்கு வெளியே ஒரு கொள்முதல் நிலையத்துக்குப் போயிருந்தேன். 2025 அக்டோபர், நல்ல மழை. ரோட்டோரம் நெடுக நெல் குவியல், மேலே தார்ப்பாய், தார்ப்பாய்க்கு மேலே செங்கல். ஈரப்பதம் நூற்றுக்கு 17க்கு மேல் போகக்கூடாது என்பது விதி. முதல் நாள் கொண்டுவந்தபோது காய்ந்திருந்த நெல், வரிசையில் நின்று நின்று நனைந்துவிட்டது. உள்ளே சாக்கு இல்லை, வைக்க இடம் இல்லை. ஏற்கெனவே பிடித்த 40 கிலோ மூட்டைகள் லாரிக்குக் காத்திருந்தன. லாரி கூட்ஸ் வண்டிக்கு, கூட்ஸ் வண்டி வெளியூர் கிடங்கில் இடத்துக்கு.

ஒரு பெரியவர் குவியலுக்குள் கையை விட்டு, ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். முளை விட்டிருந்தது. "எத்தனை நாளாச்சுங்க?" என்று கேட்டேன்.

"ஒம்போது நாள்" என்றார். "ஆனா உள்ள புஸ்தகத்துல நான் இன்னும் வரவேயில்லைய்யா. எடை போட்டாத்தான் வந்ததா எழுதுவாங்க."

பிடியைத் திரும்பக் குவியலிலேயே போட்டுவிட்டு, நழுவியிருந்த தார்ப்பாயை இழுத்து மூடினார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். மழை மறுபடி பிடித்துக்கொண்டது.